பாமாயிலும் காடழிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 செப்டம்பரில் நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பற்றி எரிந்த நெருப்பின் புகை கடலைத் தாண்டி வந்து நகரத்தின் மேல் கவிந்துகொண்டது. எதிரே இருந்த அடுக்குமாடிக் கட்டடம் மங்கலான நிழலாகத்தான் தெரிந்தது. கொடியில் காய்ந்த சட்டையை முகர்ந்தால் விறகடுப்பு வாசனை. செப்டம்பர் 25 அன்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அன்று மாலை முகக்கவசம் போட்டுக்கொண்டு கீழே இறங்கி உளுந்து வடை வாங்கி வந்தேன். கடைக்காரர் பக்கத்தில் பாமாயில் தகரம் இருந்தது. அந்தத் தகரத்தையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றிப் படித்தேன். பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் பேசத் தொடங்கினேன். போகிற இடமெல்லாம் அநேகமாக ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாமாயிலுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் மரம்தானே?

மரம்தான். ஆனால் அது கேட்கும் நிலம் காட்டின் நிலம். எண்ணெய்ப் பனைக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய தாழ்நிலங்களில்தான் அது கொழித்து வளரும். வெப்பமண்டல மழைக்காடு அடர்ந்து நிற்பதும் அதே இடத்தில்தான்.

இதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகள் வந்தன. மலேசியாவில் முதல் வணிகத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் போடப்பட்டது. இன்று உலகப் பாமாயிலில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் விமானத்திலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட தாளைப் போலப் பல மைல்களுக்கு ஒரே மரம்.

மரத்தை வெட்டுவதோடு கதை முடிவதில்லை. அங்கே பீட் நிலம் என்று ஒன்று உண்டு. பல ஆயிரம் ஆண்டுகளாக உதிர்ந்த இலையும் கிளையும் வேரும் தேங்கிய நீருக்கடியில் முழுதாக மக்காமல் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்து கிடக்கும் சதுப்பு அது. பனை நட வேண்டுமென்றால் கால்வாய் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்ததும் நிலம் காய்ந்த வறட்டியைப் போல ஆகிவிடுகிறது. அதில் தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் அணையாது. 2015-இல் இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டேர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த நெருப்பு முழுவதையும் பாமாயில் தலையில் கட்டுவது நியாயமாகாது. காகிதக் கூழுக்கான மரத் தோட்டங்களும், சிறு விவசாயிகள் வைத்த தீயும், அந்த ஆண்டின் எல் நினோ வறட்சியும் சேர்ந்து செய்த வேலை அது. உலக அளவில் பார்த்தால் காடழிப்புக்கு முதல் காரணம் மாட்டு மேய்ச்சல் நிலம். பாமாயிலைப் பற்றி நான் தனியாகப் பேசுவது, நம் சமையலறைக்கு நேராக வரும் பாதை இதுதான் என்பதால்.

வெட்டுவது அவர்கள். அதற்கு நாம் எப்படிப் பொறுப்பு?

உலகில் பாமாயிலை அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறக்குறைய 80 லட்சம் முதல் 1 கோடி டன் வரை வாங்குகிறோம். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதில் பெரிய பங்கு பாமாயில். நாளைக்கும் இதே அளவு வாங்குவோம் என்ற நம்பிக்கையில்தான் அங்கே கன்று நடுகிறார்கள். நட்ட மரம் காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும், இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தரும். அத்தனை காலத்துக்கு முதல் போடுகிறவர் வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் போடமாட்டார்.

நாங்கள் வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் பயன்படுத்துகிறோம். எங்களுக்கும் இதில் பங்கு உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் அவர் பையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கோதுமை மாவு, சர்க்கரை, அடுத்து பாமாயில். குளியல் சோப்பு உறையில் சோடியம் பாமேட் என்றிருந்தால் அதுவும் இதே பழத்து எண்ணெய்தான். பாம் கெர்னலேட் என்றிருந்தால் கொட்டையிலிருந்து எடுத்தது. சிப்ஸ், ரஸ்க், நூடுல்ஸ், பேக்கரி வனஸ்பதி, ஐஸ்கிரீமைப் போலவே விற்கும் உறைய வைத்த இனிப்பு, ஷாம்பு, உதட்டுச் சாயம் என்று பட்டியல் நீளும். வெளியில் சாப்பிடும் பூரியும் பஜ்ஜியும் எந்த எண்ணெயில் பொரிந்தன என்று நாம் கேட்பதே இல்லை.

ரேஷன் கடையில் பாமாயில் வாங்குகிறோம். அது தவறா?

இல்லை. கூட்டங்களில் இதைக் கேட்கும் பெண்களின் குரல் பெரும்பாலும் தாழ்ந்துதான் வரும். அதனாலேயே இதற்குச் சற்று நீளமாகப் பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியில் எந்த எண்ணெயும் அந்த விலைக்குக் கிடையாது. என் அம்மா அந்தப் பாக்கெட்டின் ஒரு மூலையைக் கத்தரித்து எவர்சில்வர் தூக்கில் ஊற்றுவார். பிறகு பாக்கெட்டைத் தலைகீழாகத் தூக்கின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். கால் மணி நேரம் கழித்து வந்து, விரலிடுக்கில் வைத்து வழித்துவிட்டுத்தான் உறையை எறிவார். அப்படிச் சொட்டு விடாமல் புழங்கும் வீட்டுக்குப் போய், காடு அழிந்ததற்கு நீயும் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்காகவும் பார்த்துவிடலாம். ஒரு எண்ணெய்ப் பனை ஆண்டுக்கு ஏறக்குறைய 25 கிலோ எண்ணெய் தரும். மாதம் ஒரு லிட்டர் வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 லிட்டர், எடையில் 11 கிலோ. அதாவது அரை மரத்துக்கும் குறைவு. நிலமாகச் சொன்னால் முக்கால் சென்ட். ஆனால் தமிழ்நாட்டில் குடும்ப அட்டைகள் இரண்டு கோடிக்கு மேல். இரண்டு கோடி அட்டைக்கும் மாதா மாதம் வாங்கினால் அதற்கு வேண்டிய தோட்டம் சுமார் 63,000 ஹெக்டேர். சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு. அட்டையை நீட்டுபவருக்கு முக்கால் சென்ட் அளவுக்குக்கூட வேறு எண்ணெய் கேட்க வழியில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கும் அரசுக்கோ அந்த 63,000 ஹெக்டேருக்கும் நிபந்தனை போடும் வலு இருக்கிறது.

பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ ரேஷனில் கொடுங்கள் என்று நம் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். காட்டுக்காக அவர்கள் கேட்கவில்லை, தங்கள் விளைச்சலுக்கு விலை கிடைக்கத்தான் கேட்கிறார்கள். இருந்தாலும் அது நல்ல கோரிக்கை. கூடுதல் செலவை அரசு ஏற்க வேண்டும், அட்டைதாரர் தலையில் ஏற்றக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு, எவ்வளவு?

யாருக்கு எவ்வளவு தெரியும், யாரால் எவ்வளவு மாற்ற முடியும் என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

பழம் வரும் வழியைப் பாருங்கள். எண்ணெய்ப் பனையின் குலை முள்ளும் பழமுமாக 15, 20 கிலோ கனம் இருக்கும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து அறுத்துத் தள்ளுகிறார்கள். விழுந்த வேகத்தில் தெறித்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார்கள். அறுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் பழம் கெட்டு எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் ஆலை தோட்டத்துக்குப் பக்கத்திலேயேதான் இருக்க முடியும். ஓர் ஆலையின் பெயர் தெரிந்தால், அதற்குப் பழம் எந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் காடு குறைந்ததா என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டிவிடும். ஆகவே 'எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது' என்று ஒரு பெரிய நிறுவனம் சொன்னால் அதை நான் ஏற்பதில்லை.

ஆலையைத் தாண்டியதும் எண்ணெய் ஒரு புனலுக்குள் நுழைகிறது. லட்சக்கணக்கான தோட்டக்காரர்கள் ஒரு பக்கம், கோடிக்கணக்கான சமையலறைகள் மறுபக்கம், நடுவில் கப்பல் கப்பலாக வாங்கி விற்கும் சில வணிக நிறுவனங்கள். அவற்றில் பெரியதான வில்மார், காடழித்த நிலத்து எண்ணெயையும் பீட் நிலத்தைப் புதிதாக வடித்த தோட்டத்து எண்ணெயையும் தொழிலாளரைச் சுரண்டி எடுத்த எண்ணெயையும் வாங்கமாட்டோம் என்று 2013 டிசம்பரில் அறிவித்தது. மற்ற பெரிய வணிகர்களும் பின்னால் வந்தார்கள். சொன்னபடி எல்லா இடத்திலும் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும் இடத்தில் ஒரு வாசல் அடைபட்டால் வெட்டும் இடத்தில் கை தயங்குகிறது என்பது தெரிந்தது.

அந்த அறிவிப்பு தானாக வந்துவிடவில்லை. 2010-இல் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு கிட்கேட் சாக்லேட்டை முன்வைத்து நெஸ்லேக்கு எதிராக ஒரு பிரசாரம் நடத்தியது. சாக்லேட் வாங்குபவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய சில வாரங்களில் அந்த நிறுவனம் தன் கொள்முதல் கொள்கையை மாற்றியது. 2015 புகைமூட்டத்தின்போது, தீயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு காகித நிறுவனத்தின் பொருள்களைச் சிங்கப்பூரின் பெரிய அங்காடிகள் அலமாரியிலிருந்து எடுத்தன. நான் வழக்கமாகத் துடைப்புத்தாள் வாங்கும் அடுக்கு ஒருநாள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன். நுகர்வோருக்கு வலு இல்லை என்று யாராவது சொன்னால் அந்தக் காலி அடுக்குதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஒரேயடியாகப் பாமாயிலைப் புறக்கணித்துவிட்டால் என்ன?

ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை மூன்று, நான்கு டன் எண்ணெய் தருகிறது. சோயாவில் அரை டன் தேறலாம். சூரியகாந்தியும் கடுகும் ஒரு டன்னைத் தொடுவதில்லை. அத்தனை பேரும் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாறினால் ஆறு முதல் எட்டு மடங்கு நிலம் வேண்டும். தென் அமெரிக்காவில் சோயாவுக்காகவும் காடு போயிருக்கிறது. சுமத்ராவைக் காப்பாற்ற அமேசானை எரிப்பதில் என்ன பயன்?

2021 ஏப்ரலில் இலங்கை அரசு பாமாயில் இறக்குமதிக்குத் தடை விதித்தது. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களைப் படிப்படியாக அகற்றவும் உத்தரவிட்டது. பேக்கரிகளும் உணவுத் தொழிலும் திணறின. இறக்குமதித் தடை நீடிக்கவில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா மூன்று வாரங்களுக்கு ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே எல்லா எண்ணெயின் விலையும் என்ன பாடுபட்டது என்பது மாதச் சாமான் வாங்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எண்ணெய்ப் பனை கெட்ட மரம் இல்லை. ஏற்கெனவே திருத்திய நிலத்தில் நிற்கும் மரத்தின் எண்ணெயை வாங்குவோம், நேற்று வரை காடாக இருந்த நிலத்து எண்ணெய் வேண்டாம் என்பதுதான் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

சான்றிதழ் பெற்ற பாமாயில் என்கிறார்களே, அதை நம்பலாமா?

ஓரளவு. இதற்கென்று 2004-இல் தோட்ட நிறுவனங்களும் வணிகர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து ஒரு வட்டமேசை அமைப்பை உருவாக்கினார்கள். உலகப் பாமாயிலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அதன் சான்றிதழ் பெற்றிருக்கிறது. விதிகள் மோசமில்லை, கண்காணிப்பில்தான் ஓட்டைகள். சான்றிதழ் பெற்ற நிறுவனங்கள் மீதே புகார்கள் வந்திருக்கின்றன. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சான்றிதழ் பெற்ற எண்ணெயில் கணிசமான பகுதி, அதைக் கேட்டு வாங்க ஆளில்லாமல் சாதாரண எண்ணெயாகவே விற்கப்படுகிறது. கஷ்டப்பட்டு விதிகளைக் கடைப்பிடித்தவருக்குக் கூடுதலாக ஒரு காசும் கிடைப்பதில்லை. கேட்காத பெரிய சந்தைகளில் நம்முடையது முன்னால் நிற்கிறது.

அரசு என்ன செய்ய முடியும்? ஐரோப்பாவில் சட்டம் வந்துவிட்டதாமே?

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், சோயா, காபி, கோகோ, ரப்பர், மரம், கால்நடைப் பொருள்கள் உள்ளே வரக்கூடாது என்கிறது அது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதை விற்பவர் இடக்குறிப்போடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாளை ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டார்கள். சிறு விவசாயியால் இத்தனை ஆவணத்துக்கு எங்கே போக முடியும் என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் கேட்கின்றன. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஐரோப்பா மட்டும் கதவை இறுக்கினால், சுத்தமான எண்ணெய் அங்கே போகும், மிச்சம் கேள்வி கேட்காத துறைமுகங்களுக்கு வரும். சென்னையும் காண்ட்லாவும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடாது.

இந்தியாவுக்கு அந்த வலு உண்டா என்று கேட்பவர்களுக்கு 2020 ஜனவரியை நினைவூட்டுகிறேன். அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர், குடியுரிமைச் சட்டம் பற்றி விமர்சித்ததை அடுத்து, சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. காரணம் அதிகாரபூர்வமாகச் சொல்லப்படவில்லை. ஆனால் பதிலடி என்றே உலகம் அதைப் புரிந்துகொண்டது. மலேசியாவிலிருந்து நாம் வாங்கும் அளவு மளமளவென்று சரிந்தது. ஒரே ஓர் அறிவிக்கை போதுமாயிருந்தது. அந்த வலுவை ஒரு முறையாவது காட்டுக்காகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

மலேசியத் தோட்டங்களில் நம் மக்கள் இருக்கிறார்களே, அவர்கள் பிழைப்பு கெடாதா?

மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்பார்கள். பாமாயில் என்ற சொல்லைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது. நம் முன்னோர் அங்கே போனது பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க. 1960களுக்குப் பிறகு ரப்பருக்கு மவுசு குறைய, தோட்டங்கள் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டன. அதற்கு ஆள் குறைவாகவே போதும். பின்னர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட, தலைமுறை தலைமுறையாக லயம் எனும் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகரங்களின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. இன்று தோட்டங்களில் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அன்று நம்மவர் பட்ட கடனும் கெடுபிடியும் இன்று அவர்களுக்கு.

இந்தோனேசியாவின் எண்ணெய்ப் பனைப் பரப்பில் சுமார் 40 விழுக்காடு சிறு விவசாயிகளின் கையில் இருக்கிறது. நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள். அவர்களை விலக்கிவிட்டு வாங்குவது எளிது. அப்படிச் செய்தால் அவர்கள் நியாய விலை தராத இடைத்தரகரிடம்தான் போய் நிற்பார்கள். நல்ல கன்றும் உரமும் பயிற்சியும் கிடைத்தால் அதே நிலத்தில் இன்னும் கூடுதலாக எடுக்க அவர்களால் முடியும், புதிதாகக் காட்டுக்குள் போகத் தேவையிருக்காது. அந்தச் செலவில் வாங்கும் நாடுகளுக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் நான் கூட்டுப் பொறுப்பு என்கிறேன்.

இந்தியாவிலேயே பயிரிட்டுவிட்டால் தீர்ந்ததா?

2021-இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனைக்கான தேசிய இயக்கத்தை அறிவித்தது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் வயல் நிலத்தில் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. தண்ணீர்க் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் வடகிழக்கு மாநிலங்களையும் அந்தமானையும் குறிவைக்கிறது. அவை நம்முடைய மழைக்காடுகள். சுமத்ராவில் நடந்ததை நம் செலவில் இங்கே நடத்திக்கொள்ள வேண்டாம்.

உடம்புக்குப் பாமாயில் நல்லதா?

அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள். எந்த எண்ணெயானாலும் குறைத்துக்கொள்வது உடம்புக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

இவ்வளவு பேசியும் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. இந்தோனேசியா 2011-இல் இதுவரை வெட்டப்படாத முதன்மைக் காடுகளிலும் பீட் நிலத்திலும் புதிய அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2019-இல் அதை நிரந்தரமாக்கியது. பாமாயிலுக்காக அங்கே அழியும் காட்டின் அளவு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியிருக்கிறது. கவலையும் இருக்கிறது. 2025 முதல் அங்கே டீசலில் 40 விழுக்காடு பாமாயில் டீசல் கலக்கிறார்கள். அடுப்புக்கும் எஞ்சினுக்கும் ஒரே மரம் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. வடக்கு சுமத்ராவின் பாத்தாங் தோரு காட்டில் 2017-இல்தான் தனி இனம் என்று அடையாளம் காணப்பட்ட தபனூலி ஒராங்குட்டான் என்னும் மனிதக் குரங்குகள் எண்ணூறுக்கும் குறைவு. உலகில் வேறெங்கும் அவை கிடையாது.

நான் ஒருவன் என்ன செய்யலாம்?

கடிதம் எழுதுங்கள். நீங்கள் வாங்கும் பிஸ்கட்டின், சோப்பின் உறையிலேயே நுகர்வோர் முகவரி இருக்கும். மூன்றே கேள்விகள் போதும்: உங்கள் பாமாயில் எந்தெந்த ஆலைகளிலிருந்து வருகிறது, அந்தப் பட்டியலை வெளியிட்டிருக்கிறீர்களா? எந்தத் தேதிக்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெயை வாங்க மறுக்கிறீர்கள்? சான்றிதழ் பெற்றது எத்தனை விழுக்காடு? உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினால், ரேஷன் கொள்முதல் ஒப்பந்தத்தில் இதே நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி மாணவர்கள் அஞ்சலட்டையில் எழுதலாம். மகளிர் குழுக்கள் தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம்.

நான் ஒரு சோப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். பதினொரு நாளில் பதில் வந்தது. 'எங்கள் மூலப்பொருள்கள் அனைத்தும் சட்டப்படியான தரத்துக்கு உட்பட்டவை' என்று ஒரே வரி. ஆலைப் பட்டியலைப் பற்றி ஒன்றும் இல்லை. அதே மூன்று கேள்விகளை மறுபடி எழுதி, எங்கள் ஊர் மகளிர் குழுவில் 34 பேர் கையெழுத்துப் போட்டு, போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.